ஜாடிக் கடல் அட்டையும் அதன் சட்டபூர்வமான நிலையும்

மேல்நிலைப் பள்ளி என்று ஒன்று இருந்தால் அதில் விலங்கியல் ஆய்வகம் இருந்தே தீரவேண்டும் என்பது விதி. ஆய்வகத்தில் விலங்குகள் இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் சொல்லவில்லை. ஜாடிகள் இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்தப் பள்ளியில் ஜாடிகள் இருந்தன. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், ஃபார்மலினில் முக்கால்வாசி முங்கி, யாரையும் தொந்தரவு செய்யாமல் பல்லாண்டுகளாக வாழ்ந்து வந்தன. 'வாழ்ந்து' என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த ஜாடிகளுக்குப் பொறுப்பாளர் விலங்கியல் வாத்தியார். தங்கமான மனிதர். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர். கோபம் வந்தால் கன்னம் இரண்டும் உப்பிக்கொள்ளும் என்பதால் பிள்ளைகள் அவருக்குத் தவளை என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். தவளைப் பாடம் நடத்துகிற வாரத்தில் மட்டும் அவர் வகுப்பை நேருக்கு நேர் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசுவார்.

செய்முறைத் தேர்வன்று ஐந்து ஜாடிகளை மேசைமேல் வைப்பார்கள். உள்ளே இருப்பது என்ன, எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, அப்படிச் சொல்வதற்கு என்ன காரணம் என்று எழுத வேண்டும். அதற்கு ஜாடியின் உள்ளே பார்க்க வேண்டும் என்று விவரம் தெரியாதவர்கள் நினைக்கக்கூடும். மூடி நசுங்கியிருந்தால் கடல் அட்டை. ஒட்டுத்தாள் பாதி கிழிந்திருந்தால் நாடாப்புழு. அடியில் கீறல் இருந்தால் தேள். இந்த அறிவு அண்ணனிடமிருந்து தம்பிக்கும் அக்காவிடமிருந்து தங்கைக்கும் குடும்பச் சொத்துபோல இறங்கி வந்தது. ஒரு வருடம் அலமாரியைச் சுத்தம் செய்தவர் நசுங்கிய மூடியை நட்சத்திர மீனுக்கு மாற்றிப் போட்டுவிட்டார். அந்த வருடம் வகுப்பு முழுவதும் நட்சத்திர மீனைக் கடல் அட்டை என்று எழுதியது. ஒரு வகுப்பே சேர்ந்து எழுதினால் அது எப்படித் தவறாகும் என்று எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டார்கள்.

ஜாடிகளுக்குள் கடல் அட்டைக்குத் தனி மவுசு. கடலின் அடியில் புரண்டு கிடக்கிற, தலை எது வால் எது என்று சட்டென்று சொல்ல முடியாத அந்தச் சாதுப் பிராணிக்கு அத்தனை கௌரவம் வந்ததற்குக் காரணம் இப்போதைய கல்வி அதிகாரி. அவர் இதே பள்ளியில் படித்தவர். பிள்ளைப் பருவத்தில் இதே ஜாடியைப் பார்த்து அவர் வரைந்த படம் தங்கப் பதக்கம் வாங்கியது. அந்தப் படம் சட்டம் போட்டு ஆய்வக வாசலிலேயே மாட்டப்பட்டிருந்தது. தோல் முழுக்க மேடும் பள்ளமும், ஒரு பக்கம் லேசாகப் பிளந்து உள்ளே வரிசையாக முட்டைகள். "முட்டையிடும் பருவத்தில் பிடிபட்ட அரிய மாதிரி" என்று கீழே எழுதியிருந்தது. விலங்கியல் வாத்தியாரும் அப்படித்தான் நடத்தினார். முட்டைகளை எண்ணிப் போட்டவர்களுக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண்ணும் கொடுத்தார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு வகுப்பில் 'ஏன்சார்' என்று பெயர். எதைச் சொன்னாலும் எழுந்து நின்று "ஏன் சார்?" என்பாள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே வெறி. தெருவில் நொண்டுகிற நாய் ஒன்று விடாமல் அவளுக்குப் பழக்கம். வாத்தியாருக்கு அவள்மேல் உள்ளூரப் பிரியம் உண்டு. ஆனால் பாடம் முடிய நேரமாகிறதே என்று அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

செய்முறைத் தேர்வன்று அவள் கடல் அட்டை ஜாடி முன்னால் வந்து நின்றாள். மூடியைப் பார்க்கவில்லை. குனிந்து பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், வெளிச்சத்துக்கு எதிரே நின்று பார்த்தாள். பிறகு எழுதினாள்: "இது பாகற்காய். விலங்குத் தொகுதி எதிலும் சேராது. காரணம்: ஒரு முனையில் காம்பு இருக்கிறது. பிளந்த இடத்தில் விதைகள் இருக்கின்றன."

விடைத்தாளை முதலில் படித்தவர் வெளித்தேர்வாளர். ஒரு பள்ளியின் ஆசிரியர் இன்னொரு பள்ளிக்குப் போய் நேர்மையாகத் தேர்வு நடத்திக் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்கிற ஏற்பாட்டின்படி வந்திருந்தவர். படித்துவிட்டுத் தாளை வாத்தியார் பக்கம் நகர்த்தினார்.

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்துபோய் ஜாடியைக் கையில் எடுத்தார். எத்தனையோ வருடங்களாகத் தூசி தட்டிய ஜாடி. அன்றைக்குத்தான் முதல்முறையாக அதன் உள்ளே பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"சார்... இது பாகற்காய்தான் சார்."

"தெரியும்," என்றார் வெளித்தேர்வாளர்.

"தெரியுமா?"

"நான் இங்க வர்றது இது முதல் தடவையா? வந்த அன்னிக்கே பாத்தேன்."

"அப்ப ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லலை?"

"என்ன சார் பேசறீங்க. போன வீட்டுல சாப்பாடு போட்டா, உப்பு பத்தலைன்னு சொல்லிட்டா வருவோம்? நீங்க எங்க ஸ்கூலுக்கு வந்தப்போ எங்க ஆக்டோபஸைப் பாத்தீங்க. ஏதாவது சொன்னீங்களா?"

"ஏன், அது ஆக்டோபஸ் இல்லையா?"

வெளித்தேர்வாளர் அவரைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தார். "விடுங்க சார். நல்லா போயிட்டிருக்கு," என்றார்.

பிறகு நிலைமையை எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் எழுதியது சரி என்றால் மற்ற எல்லோரும் எழுதியது தவறு. ஒருத்திக்கு மார்க் போனால் ஒரு வீட்டில் அழுகை. ஒரு வகுப்புக்கே போனால் தேர்வு நடத்திய இவர்கள் இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வரும். ஆகவே மாணவர் நலன் கருதி அவளுக்குப் பூஜ்யம்.

"அந்த அஞ்சு மார்க் இல்லைன்னா அவளுக்குக் கால்நடை சீட் கிடைக்காது சார். ஊசிமுனையில நிக்குது."

"அப்போ மேலிடத்துல கேட்டுக்குங்க. நான் 'மேலிட முடிவுக்கு உட்பட்டு பூஜ்யம்'னு போடறேன். நானும் பெண்ணைப் பெத்தவன்தான்," என்று கையெழுத்துப் போட்டார். அதற்குமேல் அவர் மனசு இளகினால் அடுத்த வருடம் ஆக்டோபஸுக்கு ஆபத்து.

வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடத்தில் ஜாடிக்குள் இருப்பதைப் பார்த்து எழுதிய முதல் பிள்ளை இவள். இவளுக்குத்தான் பூஜ்யம். அவருக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் ஜாடியை இடுப்பில் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

தலைமையாசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். இரண்டு விதத்திலும் பாகற்காய்தான்.

"சரி சார், பாகற்காய்னே வச்சுக்குவோம். வச்சுக்க முடியாது, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். இத்தனை வருஷமா இதை விலங்குன்னு எழுதிப் பாஸானவங்கள்லாம் என்ன ஆவாங்க? எத்தனை டாக்டர், எத்தனை இன்ஜினியர்! என் தம்பி இங்கதான் படிச்சான். ஆஸ்பத்திரி வச்சிருக்கான் சார் இப்போ."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது மேடம். இந்தப் பொண்ணு ஒருத்திக்கு..."

"இருங்க. இது காய்னா, உங்ககிட்ட எதுக்கு இருக்கணும்? எடத்தை மாத்திட்டாப் போச்சு."

தாவரவியல் டீச்சர் வரவழைக்கப்பட்டார். அவர் ஜாடியைத் தூரத்திலிருந்தே பார்த்தார். கிட்டே போனால் கையில் கொடுத்துவிடுவார்கள் என்கிற முன்னெச்சரிக்கை.

"பாகற்காய்தான் மேடம். அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா என்கிட்ட அனுப்பாதீங்க."

"ஏன்?"

"இந்த வருஷப் பாடத்துல பாகற்காய் கிடையாது. பூசணியைத்தான் போட்டிருக்காங்க. பாடத்துல இல்லாத காயை எதுக்கு வச்சிருக்கேன்னு நாளைக்குக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? அதுவும், இத்தனை வருஷம் விலங்கா இருந்த காய் மேடம். அதோட பழக்கவழக்கம் எப்படியோ."

இதில் நியாயம் இருந்ததால் தலைமையாசிரியையால் மறுக்க முடியவில்லை. விலங்கியல் பொறுப்பில் வைத்துக்கொள்ளப் பாகற்காய் விலங்காக இருக்க வேண்டும். தாவரவியல் பொறுப்புக்கு மாற்ற அது பாடமாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத பொருளை மேலிடத்துக்குத் தள்ளிவிடுவதுதான் முறை. "தெளிவுரை வேண்டப்படுகிறது" என்று எழுதி அனுப்பினார்கள்.

கல்வி அதிகாரி தாமே நேரில் வந்தார். தம் பதக்கத்தின்மீது யாரோ கைவைக்கிறார்கள் என்றால் எந்த மனிதரும் நேரில்தான் வருவார்.

அவர் சமீபத்தில் ஏதோ ஒரு பயிலரங்கத்துக்குப் போய்வந்திருந்தார். போனவர் சும்மா வரவில்லை. 'உயிர்நேய நிமிடம்' என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். தினமும் பாடம் தொடங்குமுன் பிள்ளைகள் ஒரு விலங்கின் முன்னால் நின்று, நெஞ்சில் கைவைத்து, அதன் சுகதுக்கங்களை ஒரு நிமிடம் உணர வேண்டும். அப்போதெல்லாம் எல்லாப் பள்ளிகளிலும் இதே பேச்சு. நிமிடம் நடத்தாத பள்ளியைப் பட்டிக்காடு என்றார்கள். உயிருள்ள விலங்குக்கு இங்கே வசதி இல்லை. அதனால் கடல் அட்டையின் முன்னால் நடத்தி வந்தார்கள். வகுப்புக்கு வகுப்பு, வரிசை வரிசையாகப் பிள்ளைகள் வந்து நெஞ்சில் கைவைத்துப் பாகற்காய்க்காக உருகினார்கள். சில பெண்களுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அதிகாரி வந்த அன்றும் முதலில் அதுதான் நடந்தது. நடுவில் 'ஏன்சார்' களுக்கென்று சிரித்துவிட்டாள். அதிகாரி அதை மனசில் குறித்துக்கொண்டார்.

நிமிடம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

"நீதான் பாகற்காய்னு எழுதினதா?"

"ஆமா சார்."

"பாகற்காய் எங்கம்மா இருக்கும்?"

"கொடியில சார்."

"இது எங்க இருக்கு?"

"ஜாடியில சார்."

"ஜாடி?"

"விலங்கியல் அலமாரியில."

"அவ்வளவுதானே! விலங்கியல் அலமாரியில இருக்கறது விலங்கு. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி?"

"ஏன் சார்? தாவரவியல் லேப் சுவத்துல ஒரு பல்லி இருக்கு. அது செடியா?"

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். வாத்தியார் மேசையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி மட்டும் அசரவில்லை. சட்டம் தெரிந்தவர்.

"இல்ல. அது அயல்பணியில இருக்கு," என்றார்.

அவள் விடுவதாக இல்லை. "ஜாடியைத் திறந்து, இதை அறுத்துப் பாத்துடலாம் சார். உள்ள விதையா முட்டையான்னு தெரிஞ்சிடும்."

"அறுக்கறதா!" அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பள்ளிக்கூடத்துல விலங்கை அறுக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு. தெரியுமா?"

"இது விலங்கு இல்லைன்னு காட்டத்தான் சார் அறுக்கணும்கறேன்."

"விலங்கு இல்லைன்னு நிரூபிச்சிட்டுத் தாராளமா அறுத்துக்க. யார் வேண்டாங்கறது?"

"அறுத்தாதானே சார் நிரூபிக்க முடியும்?"

"அது உன் கஷ்டம்மா. அதுக்கு விதி என்ன பண்ணும்?"

இப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று வாத்தியார் காலையிலேயே கடைத்தெருவுக்குப் போய் நல்லதாக ஒரு பாகற்காய் வாங்கிப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்து, துடைத்து, ஜாடி பக்கத்தில் வைத்தார். அவர் வாழ்க்கையில் ஓர் அதிகாரிக்கு எதிராகச் செய்த முதல் காரியம் அதுதான். இரண்டும் கூடப் பிறந்தவைபோல இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று வெளுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்! ஒரு உயிர் இன்னொண்ணு மாதிரி வேஷம் போட்டுத் தப்பிக்கும்னு பாடத்திலேயே இருக்கே. கண்ணு முன்னால பாக்கறோம் பாருங்க. பாகற்காய் என்னமா காப்பி அடிச்சிருக்கு!"

"சார், கடல் அட்டையைப் பாத்துப் பாகற்காயா? இல்ல பாகற்காயைப்..." வாத்தியார் இழுத்தார்.

"இதென்ன கேள்வி? யார் சீனியரோ அவங்களைப் பாத்து ஜூனியர். இந்த அட்டை நான் படிக்கறப்பவே இருந்துச்சு. இந்தக் காய் இன்னிக்குக் காலையில வந்தது."

பணி மூப்பு என்று வந்துவிட்டால் அதற்குமேல் வாதம் ஏது? கடல் அட்டை விலங்குதான் என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. இருந்தாலும் அதிகாரி கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு பிள்ளையின் எதிர்காலம் வீணாகக் கூடாது என்று அவளுக்கு மட்டும் ஒரு மறுதேர்வு அனுமதித்தார். புதிதாக ஒரு மாதிரி கொண்டுவர வேண்டும்; அது என்ன என்று வாத்தியாரைத் தவிர ஒருவருக்கும் தெரியக் கூடாது. அதிகாரி, தலைமையாசிரியை, தாவரவியல் டீச்சர், விலங்கியல் வாத்தியார் அடங்கிய குழு முன்னால் திறக்க வேண்டும். அவள் எழுதுவதைக் குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டால் அஞ்சுக்கு அஞ்சு. ஒருவர் தலையாட்ட மறுத்தாலும் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும்.

வாத்தியாருக்கு அன்றைக்கு ஒரு யோசனை உதித்தது. அவருடைய யோசனைகள் பொதுவாக உதிப்பதில்லை என்பதால் அவருக்கே படபடப்பாக இருந்தது. நிஜக் கடல் அட்டையையே வரவழைத்துவிட்டால்? அந்தப் பெண் கூர்ந்து பார்க்கிறவள். படித்த அடையாளங்களை வைத்துப் பொட்டில் அடித்த மாதிரி சொல்லிவிடுவாள். பிறகு "இது கடல் அட்டை என்றால் அலமாரியில் இருப்பது என்ன?" என்று ஒரு கேள்விதான். மார்க்குக்கு மார்க், நியாயத்துக்கு நியாயம்.

அவருடைய மைத்துனன் கடற்கரை ஊரில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன். நல்ல பிள்ளை. ஆனால் அவனுக்கு விளையாட்டுப் புத்தி. அக்கா கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குப் பரிசு என்று பெரிய பெட்டியில் செங்கல்லை வைத்துக் கட்டிக் கொடுத்தவன். வாத்தியார் அதை எல்லோர் முன்னாலும் பிரித்தார்; இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனாலும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று அவனுக்கே போன் போட்டார்.

"கடல் அட்டையா மாமா? செத்துக் கரை ஒதுங்கினது கெடைக்கும். பாத்து அனுப்பறேன். இத்தனை வருஷமா பாடம் நடத்தறீங்களே, உங்ககிட்ட ஒண்ணு கூடவா இல்ல?"

"இருக்கு. ஆனா கொஞ்சம் பழசு," என்றார் வாத்தியார்.

மறுதேர்வு நாள் காலையில்தான் டப்பா வந்து சேர்ந்தது. சுற்றிலும் ஒட்டுநாடா, மேலே முகவரியைத் தவிர ஓர் எழுத்து இல்லை. உத்தரவுப்படி வாத்தியார் திறந்து பார்க்கவில்லை. உள்ளே ஏதோ திரவம் குலுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, நல்லது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மேசைக்குக் கொண்டுபோனார். குழு உட்கார்ந்தது. 'ஏன்சார்' எதிரே நின்றாள். இதற்குள் பள்ளியில் அவளுக்குப் பெரிய பேர் கிடைத்திருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவளைப் 'பாகற்காய் அக்கா' என்று சூழ்ந்துகொண்டு கையெழுத்து வாங்கினார்கள். அவள் நடையிலும் ஒரு தோரணை வந்திருந்தது.

ஒட்டுநாடாவைப் பிரித்து, உள்ளே இருந்ததைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சரித்தார்கள்.

அது கறுப்பாக இருந்தது. உருண்டு, சுருங்கி, தோல் வதங்கி, மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் வழவழவென்று கிடந்தது. பிளவு இல்லை. முட்டை இல்லை. வாசலில் மாட்டியிருந்த படத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வாத்தியாருக்கு மைத்துனன் ஞாபகம் வந்தது. செங்கல் வைத்தவன்! இந்தத் தடவையும் தன் புத்தியைக் காட்டிவிட்டான்! ஒரு பெண்ணின் படிப்பு தொங்குகிற நேரத்தில், சுட்ட கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டு அனுப்பியிருக்கிறான். அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. இந்தக் கண்றாவியைப் பார்த்து அவள் எந்த விலங்கின் பெயரை எழுதித் தொலைப்பாளோ?

அவள் குனியவில்லை. பக்கவாட்டில் பார்க்கவில்லை. பேரெடுத்தவர்களுக்கு ஒரு பார்வை போதும். மளமளவென்று எழுதி நீட்டினாள். அதிகாரி உரக்கப் படித்தார்:

"இது விலங்கு அல்ல. சுட்ட கத்திரிக்காய். காரணம்: கண், காது, கால் எதுவும் இல்லை. ஒரு முனையில் காம்பு இருந்த தடம் இருக்கிறது."

பிறகு அதிகாரி மேசையைத் தட்டினார்.

"சபாஷ்! டப்பாவைத் திறந்தப்பவே எனக்குத் தோணிச்சு, இது காய்கறின்னு."

"எனக்கு வாசனையிலேயே தெரிஞ்சிடுச்சு சார்," என்றார் தலைமையாசிரியை.

தாவரவியல் டீச்சர் சங்கடமாக நெளிந்தார். ஒப்புக்கொண்டால் பொருள் தன் தலையில் விழும். ஆனால் இந்த வருடப் பாடத்தில் கத்திரிக்காய் இருந்து தொலைத்தது. "கத்திரி இனம்தான் சார்," என்று முணுமுணுத்தார்.

எல்லோரும் விலங்கியல் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்ன பெண் இவள்! இவளை ஏமாற்ற முடியாது என்று பெருமை பொங்கியது. மைத்துனன் செய்த அநியாயம்கூட நல்லதாக முடிந்துவிட்டதே!

"சந்தேகமே இல்ல சார். கத்திரிக்காய்!" என்றார், தேவைக்கு மேலேயே உரக்க.

ஒருமனதாக அஞ்சுக்கு அஞ்சு. அதிகாரி அவள் தலையில் கைவைத்து, "பாத்தியா? காயைக் காட்டினா காய்னு சொல்றே. அன்னிக்கு மட்டும் விலங்கைக் காட்டினப்போ எங்க போச்சு இந்தப் புத்தி?" என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். மார்க் கிடைத்த சந்தோஷத்தில் அவள் அதற்கும் தலையாட்டினாள். கத்திரிக்காய் அப்போதே கண்ணாடிக் கிண்ணத்தோடு தாவரவியல் ஆய்வகத்துக்குப் போய், பூசணிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது.

கூட்டம் கலைந்து வாத்தியார் தாழ்வாரத்துக்கு வந்தபோது போன் அடித்தது.

"என்ன மாமா, அட்டை எப்படி இருந்துச்சு?"

"உன் வேலையை என்கிட்டயே காட்டறியாடா? ஒரு பொண்ணோட வாழ்க்கை மாப்ளே! நல்லவேளை, அவ கெட்டிக்காரி, கத்திரிக்காய்னு கண்டுபிடிச்சிட்டா."

"எந்தக் கத்திரிக்காய்?"

"நீ அனுப்பினதுதான்."

"மாமா, குழந்தைங்க மேல சத்தியமா அது கடல் அட்டை. படகுக்காரங்ககிட்ட ஒண்ணுக்கு ரெண்டு பேர்கிட்டக் காட்டிக் கேட்டுட்டுத்தான் அனுப்பினேன். ஒரு முனையில வாயைச் சுத்திப் பூ மாதிரி குட்டிக் குட்டிக் கொம்பு இருக்கும். அடிப்பக்கம் வரிசையா குழாய் மாதிரி கால். நீங்க பாக்கலையா?"

வாத்தியார் போனைக் காதில் வைத்தபடியே தாவரவியல் ஆய்வகத்துக்குள் போனார். யாரும் இல்லை. கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நகர்த்தினார், குனிந்தார். காம்பு இருந்த தடம் என்று அவள் எழுதிய இடத்தில், பூ மாதிரி குட்டிக் குட்டிக் கொம்புகள். பேனா முனையால் மெதுவாகப் புரட்டினார். அடியில் வரிசையாகக் குழாய்க் கால்கள். வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, அவர் ஒருநாளும் பார்த்திராத கால்கள். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. கூடவே, சொல்லப்போனால் அடக்க முடியாத சந்தோஷமும் வந்தது. அட, புத்தகத்தில் போட்டிருந்ததெல்லாம் நிஜமாகவே இருக்கிறதே!

"சார்!" வாசலில் அந்தப் பெண் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "அம்மாகிட்டச் சொல்லிட்டேன் சார். அழுதுட்டாங்க. கால்நடை காலேஜ் கட்டாயம் கெடைச்சிடுமாம் சார்." பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். "என்ன சார் அப்படிக் குனிஞ்சு பாக்கறீங்க? அது கத்திரிக்காய்தானே?"

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் குழு மறுபடி கூடும். ஒருமனது கலையும். அஞ்சு மார்க் போகும். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் பூசணிக்குப் பின்னால் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.

"கத்திரிக்காய்தாம்மா. நல்லாப் பாத்து எழுதினே. போ, அம்மா காத்திட்டிருப்பாங்க."

அவள் துள்ளிக்கொண்டு ஓடினாள். போனில் மைத்துனன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

"மாமா, லைன்ல இருக்கீங்களா? நம்பலைன்னா சொல்லுங்க, உயிரோடவே ஒண்ணு புடிச்சு அனுப்பறேன்!"

"ஐயையோ, வேண்டாம் மாப்ளே," என்றார் வாத்தியார், குரலைத் தாழ்த்தி. "தொட்டியில நட்டுத் தண்ணி ஊத்திடுவாங்க."